வலம் சுத்தின ஃபேன்

சன்னல் பக்கம் நீங்களே இருங்க தம்பி. எனக்கு வேண்டாம். காத்துனாலே நாலு மாசமா எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. உடம்புக்கு ஒண்ணுமில்ல, சளி கிளி எல்லாம் கிடையாது. இது வேற காத்து.

தூத்துக்குடிக்கா போறிய? நானும் அங்கதான். பேக்கரி வச்சிருக்கேன். என் பேரு சித்திரைவேல். ஆனா அந்தப் பேரச் சொன்னா எங்க தெருவுலயே யாருக்கும் தெரியாது. பேக்கரி அண்ணாச்சின்னாதான் தெரியும்.

இன்னைக்கு ஒரு ஆள மன்னிக்கதுக்காக முதல் பஸ்ஸப் புடிச்சு சாத்தான்குளம் வந்தேன். மன்னிச்சாச்சு. திரும்பிப் போறேன். ஆனா ஆளு கூட வரல. போகும்போது பக்கத்து சீட்டுல அவரு உக்காந்து வருவாருன்னு நெனச்சேன். நீங்க உக்காந்திருக்கிய. ஒங்களக் குத்தம் சொல்லல.

யாகப்பன் மாஸ்டர்னு பேரு. எங்க கடையில இருபத்திரெண்டு வருசம். மக்ரூன் சாப்பிட்டிருப்பிய. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, அதுக்கு மேல அதுல ஒண்ணும் கிடையாது. கேக்கதுக்கு லேசு. முட்டை வெள்ளைய அடிச்சு நுரைய நிறுத்துறதுல பாதி இருக்கு, ஓவன்ல மீதி இருக்கு. வெளிய மொறுமொறுன்னு இருக்கணும், வாயில வச்சா கரையணும். மாஸ்டர் கையில அது அப்படித்தான் வரும். எங்க ஊருப் பிள்ளைய வெளிநாட்டுக்குப் போகும்போது பாஸ்போர்ட்ட மறந்தாலும் மறப்பாவ, எங்க கடை டப்பாவ மறக்க மாட்டாவ. அந்தப் பேரு எனக்கு வந்தது அவரால. அத நான் இல்லன்னு சொல்லல. அவரு முன்னால சொன்னது கிடையாது, அவ்வளவுதான்.

இப்ப ஓவன் கதைக்கு வாறேன். எங்க ஓவன் ஆள் உசரம் இருக்கும். கரண்ட் ஓவன். பத்து ட்ரே ஒரே நேரத்துல உள்ள போகும். உள்ள, பின்பக்கச் சுவத்துல ஒரு ஃபேன். சூட்டக் கிண்டி எல்லா ட்ரேக்கும் சமமாப் பிரிச்சிக் குடுக்கது அதுதான். அந்த ஃபேனுக்குப் பின்னால, ஓவனுக்கு வெளிய, அதுக்குரிய மோட்டார். ஃபேன் நின்னுட்டுன்னா அது ஓவன் இல்ல, இரும்பு பீரோ.

ஆடி கடைசி வாரத்துல அந்த மோட்டார் கருகிட்டு. பேரிங் போயி, இறுகி, காயில் வெந்துட்டு. வயர்மேன் இசக்கிமுத்து வந்தாரு, மோந்து பாத்தாரு, புதுசுதான்னுட்டாரு. ரெண்டு நாள்ல புது மோட்டாரும் வந்து எறங்கிட்டு. ஆனா ஆடி மாசத்துல புதுசா ஒண்ண மாட்டலாமா? நீங்களே சொல்லுங்க. ஆவணி பொறக்கட்டும்னு அட்டைப்பெட்டியோட வச்சிட்டேன். அந்த நாலு நாளும் மாஸ்டர் பழைய சின்ன ஓவன்ல மூணு ட்ரே மூணு ட்ரேயாப் போட்டு எடுத்தாரு. வீட்டுக்குப் போனாரான்னு தெரியல. நான் கேக்கல. அவரும் சொல்லல.

ஆவணி ஒண்ணாந்தேதி காலையில நல்ல நேரம் பாத்து ஆரம்பிச்சோம். இசக்கிமுத்து நல்ல வேலைக்காரருதான், அதயும் சொல்லிருதேன். மெயின ஆஃப் பண்ணி, ஃபியூஸக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு, வேற எவனும் போட்டுறக் கூடாதுன்னு. டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் கைய வச்சாரு. உள்ள போயி ஃபேனக் கழட்டி, பின்னால வந்து நாலு போல்ட்ட எடுத்து, பழைய மோட்டார உருவுனாரு. த்ரீ பேஸ் கரண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு ஒயரு, கூட ஒரு எர்த்து. சூட்டுக்குத் தாங்குற உறை போட்ட ஒயரு. எந்த நிறம் எந்த முனையில இருந்துச்சுன்னு ஒரு சிகரெட் அட்டையில எழுதி வச்சிக்கிட்டு, புதுசுலயும் அதே மாதிரி மாட்டுனாரு.

ஃபேனைத் திரும்ப மாட்டுனதும் நான் சந்தனம் குங்குமம் வச்சேன். புதுப் பொருளுக்கு வைக்காம முடியுமா? ஃபேனோட நடுத்தட்டுல வச்சேன். அந்த நடுத்தட்டுல கம்பெனிக்காரன் ஒரு அம்புக்குறி போட்டிருக்கான், ஃபேன் இந்தப் பக்கம் சுத்தணும்னு. சந்தனம் அதுமேல போயிட்டு. நான் வேணும்னு வைக்கல. நடுவுல வைக்கணும், நடுவுலதான் அம்பும் இருந்துச்சு.

எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, போடுங்கன்னேன். இசக்கிமுத்து சுவிட்சத் தட்டுனாரு. ஃபேன் சுத்துச்சு. கடையில வேல பாக்கிற பத்துப் பேரும் நிக்காவ. ஓவன் கதவு திறந்திருக்கு, நான் நேர நின்னு பாக்கேன். தம்பி, அது இடமாச் சுத்துது. கோயில நாம எந்தப் பக்கமாச் சுத்துவோம்? வலமாத்தான? கல்யாணத்துல மணையச் சுத்துறது எந்தப் பக்கம்? வலம். ஆரத்தி வலம். நல்ல நாளும் அதுவுமா, புது மோட்டாரு, மொத மொத ஓடுது, இடப்பக்கம் சுத்துனா மனசுக்கு எப்படி இருக்கும்? நிறுத்துங்கன்னேன்.

இசக்கிமுத்து என்னமோ ஆரம்பிச்சாரு. த்ரீ பேஸ்ல ரெண்டு ஒயர எடம் மாத்திக் குடுத்தா திரும்பிச் சுத்தும், ஆனா கம்பெனி போட்ட பக்கம் இதுன்னு. அந்த 'ஆனா'வ நான் கேக்கல. மாத்துங்கன்னேன். அப்பதான் மாஸ்டர் மாவு பெசைஞ்ச கையோட முன்னால வந்தாரு. மெதுவாத்தான் சொன்னாரு.

"அண்ணாச்சி, அம்பு அந்தப் பக்கம்தான் போட்டிருந்துச்சு. நான் பாத்தேன்."

நான் சொன்னேன், "மாஸ்டர், இது எங்க சாமி விசயம். நீங்க இதுல பேசாதிய."

அவ்வளவுதான் சொன்னேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லல. அவரும் சரின்னு தலைய ஆட்டிட்டு மாவு பெசையப் போயிட்டாரு. வருத்தப்பட்ட மாதிரி எனக்குத் தெரியல. அவரு மாதாகோயிலுக்குப் போற மனுசன், இதுல அவருக்கு என்ன வருத்தம்? நான் அப்படி வித்தியாசம் பாக்கிற ஆளு கிடையாது. வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு அவரு வீட்டுக்குத் துணிமணி எடுத்துக் குடுக்கேன். ஆயுத பூசைக்கு எங்க ஓவனுக்குப் பொரி கடல வைக்கதே அவருதான். இருபத்திரெண்டு வருசம் அவருதான் வச்சாரு. அன்னைக்கு அது எனக்கு ஞாபகத்துல வரல.

இசக்கிமுத்து ஃபியூஸ மறுபடி கழட்டிட்டு, சிவப்பையும் மஞ்சளையும் எடம் மாத்துனாரு. போட்டாரு. ஃபேன் வலமாச் சுத்துச்சு. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.

மறுநாள்ல இருந்து பிடிச்சது சனி. ட்ரேய வெளிய எடுத்தா பின்வரிசை கருகுது, முன்வரிசை வெளுத்துக் கெடக்கு. மேல் தட்டு ஒரு நிறம், கீழ்த் தட்டு ஒரு நிறம். பன்னு ஒரு பக்கம் பொங்கி ஒரு பக்கம் சப்பி நிக்கு. நான் முந்திரிக்காரன மாத்துனேன். முட்டைக்காரன மாத்துனேன். அந்த முட்டைக்காரன் அழுதுட்டான், பாவம். மைதா பிராண்ட மாத்துனேன். ஈரக்காத்துன்னு சொல்லி சன்னல எல்லாம் அடைச்சேன். கரண்ட் ஆபீஸுக்குப் போயி வோல்டேஜ் சரியில்லன்னு எழுதிக் குடுத்தேன், அவங்க வந்து பாத்து சரியா இருக்குன்னுட்டாவ. நான் நம்பல.

மாஸ்டர் ஒண்ணும் சொல்லல. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு ஆளு, கண்ணு முன்னால பண்டம் கெடுது, வாயத் திறக்க வேண்டாமா? அதுக்குப் பதிலா ஒரு புதுப் பழக்கம் பிடிச்சாரு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஓவன் கதவத் திறக்கது, பத்து ட்ரேயவும் வெளிய இழுத்து முன்பக்கத்தப் பின்பக்கமாத் திருப்பி வைக்கது, மேல உள்ளத கீழ மாத்துறது. திரும்ப மூடுறது. பத்து நிமிசம் கழிச்சுத் திரும்ப. நான் போயி சத்தம் போடுவேன், கதவத் திறந்தா சூடெல்லாம் வெளிய போகுதே மாஸ்டர்னு. சரிம்பாரு. நான் அந்தப் பக்கம் போனதும் திரும்பத் திறப்பாரு. இருபத்திரெண்டு வருசத்துல என் பேச்ச மீறாத மனுசன், பாத்துக்கிடுங்க.

கையில எல்லாம் சூடு. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் கோடு கோடா. அதுக்கு முன்னால அவரு கையில ஒரு தழும்பு கிடையாது. என் வீட்டுக்காரி கடைக்கு வந்தவ பாத்துட்டு, மாஸ்டருக்குக் கையில என்னன்னு கேட்டா. வயசாயிட்டுலா, கவனம் கொறைஞ்சிட்டுன்னு சொன்னேன். அவ என்னய ஒரு பார்வ பாத்தா. அவளுக்கு ஓவனப் பத்தி என்ன தெரியும்?

இப்படியே ஐப்பசி வந்துட்டு. ஒரு கல்யாண வீட்டுக்காரங்க ஆயிரம் டப்பா மக்ரூன் கேட்டாவ, தாம்பூலப் பையில போட்டுக் குடுக்க. ஆயிரம் டப்பாவுக்கு எத்தன ட்ரே ஆகும், நெனச்சுப் பாருங்க. அத்தன வேண்டாம் அண்ணாச்சி, ஐந்நூறு ஒத்துக்கிடுவோம்னாரு மாஸ்டர். ஏன்னு கேட்டேன். ட்ரேயத் திருப்பப் போயிட்டாரு. நான் ஆயிரத்துக்கும் ஒத்துக்கிட்டேன்.

கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பொண்ணோட அப்பா ஒரு சாக்கு நெறைய டப்பாவக் கொண்டு வந்து கடை வாசல்ல கொட்டுனாரு. பாதி டப்பா வெளுத்துப்போயி, பல்லுல ஒட்டுது. சம்பந்தி வீட்டு முன்னால என் மானம் போச்சுன்னு கத்துறாரு. கடை நெறைய ஆளு. எனக்குத் தலைக்கு ஏறிட்டு. உள்ள இருந்து மாஸ்டரக் கூப்பிட்டேன். எல்லாரும் கேக்கச் சொன்னேன்.

"மாஸ்டர், ஒங்க கை போச்சு."

ஒரு பேக்கரி மாஸ்டரப் பாத்து அதச் சொல்லக்கூடாது தம்பி. எனக்கும் தெரியும். திருடன்னு சொன்னாக்கூட அவங்க சண்டைக்கு வருவாவ, சமாதானமாவாவ. இது அப்படி இல்ல. அவரு ஏப்ரனக் கழட்டுனாரு. நாலா மடிச்சு மேசையில வச்சாரு. கையக் கழுவுனாரு. போயிட்டாரு. நானும் கூப்பிடல. மறுநாள் வந்துருவாருன்னு நெனச்சேன். அதுக்கு மறுநாள் ஏதோ காய்ச்சலா இருக்கும்னு நெனச்சேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் கேள்விப்பட்டேன், சாத்தான்குளத்துல ஒரு சின்னக் கடையில விறகு ஓவன்ல ரஸ்க் போட்டுக்கிட்டு இருக்காருன்னு.

புதுசா ஒரு ஆளக் கொண்டு வந்தேன். நாலு நாள் நின்னான். அடுத்தவன் ஒரே நாள்ல பையத் தூக்கிட்டான். போகும்போது, ஒங்க ஓவன்ல காத்தே வரல மொதலாளின்னான். வேல தெரியாதவன் என்ன வேணும்னாலும் சொல்லுவாம்லா? இருந்தாலும் கிறிஸ்மஸ் ஆர்டர் வந்து கெடக்கு, வேற வழியில்லாம ஓவன் கம்பெனிக்குப் போன் போட்டேன். போன வியாழக்கிழமை ஒரு பொண்ணு வந்துச்சு. பூவிழின்னு பேரு. எஞ்சினியராம். முதுகுல ஒரு பை, அவ்வளவுதான். வேற ஆம்பளையாளு யாரும் வராங்களாம்மான்னு கேட்டேன். நான்தான் சார் வந்திருக்கேன்னுச்சு.

ஃபேன் முன்னால உள்ள ஜாலியக் கழட்டிட்டு, ஒரு டிஸ்யூ பேப்பர நீளமாக் கிழிச்சுக் கம்பியில கட்டி உள்ள நீட்டுச்சு. பேப்பர் சும்மா லேசா ஆடுது. பறக்கணுமாம். ஃபேன நிறுத்தி, நடுத்தட்டுல கைய வச்சு, இது என்ன சார் சிமெண்டான்னு கேட்டுச்சு. சந்தனம்மான்னேன். நாலு மாசம் வெந்துல்லா கெடக்கு. ஸ்க்ரூடிரைவர வச்சுச் சொரண்டுச்சு. அம்பு தெரிஞ்சுச்சு.

"சார், ஃபேன் ரிவர்ஸ்ல ஓடுது. இந்த இறக்கையெல்லாம் வளைஞ்சு இருக்கு பாருங்க, ஒரு பக்கம் சுத்துனாத்தான் காத்தத் தள்ளும். யாரு சார் ஒயரிங் பண்ணுனது?"

வயர்மேன்னு சொன்னேன். பொய்யா? அவருதான பண்ணுனாரு.

மெயின ஆஃப் பண்ணிட்டு பின்னால போயி மூடியக் கழட்டி, சிவப்பையும் மஞ்சளையும் பழையபடி மாத்துச்சு. பத்து நிமிசம் ஆகல. போட்டுச்சு. மறுபடி இடமாச் சுத்துது. எனக்கு உள்ளுக்குள்ள உறுத்துது. கேட்டேன், இது இடப்பக்கமால்லா சுத்துதும்மான்னு. அது சிரிக்கல. பின்னால மோட்டார்ப் பக்கம் போயி நின்னு பாருங்க சார்னுச்சு. போயி நின்னேன். தம்பி, பின்னால நின்னு பாத்தா அதே ஃபேன் வலமாச் சுத்துது. ஆவணி ஒண்ணாந்தேதி நான் பின்னால நின்னு சூடம் காட்டியிருந்தா ஒரு தொல்லையும் கிடையாது. அத்தன பேரு நின்னாங்களே, ஒருத்தனுக்காவது அதச் சொல்லணும்னு தோணுச்சா? ஒருத்தரு சொல்ல வந்தாரு. சரி, அது கெடக்கட்டும்.

அந்தப் பொண்ணு பையக் கட்டும்போது ஒண்ணு கேட்டுச்சு. இத வச்சுக்கிட்டு இத்தன நாளு எப்படி சார் யாவாரம் பண்ணுனீங்க, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா யாராவது எல்லா ட்ரேயவும் திருப்பி வச்சாத்தான் இதுல ஒண்ணு தேறும், கை வெந்துருமேன்னு. பில்லுக்குப் பணத்த எண்ணிக் குடுத்தேன்.

அன்னைக்கு சாயங்காலமே நானே முட்டைய அடிச்சு ஒரு ட்ரே போட்டுப் பாத்தேன். எனக்கு அவரு மாதிரி வராது. இருந்தாலும் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே நிறம். ஒண்ண எடுத்து வாயில வச்சேன். கரையுது. அங்கேயே மாவு மூட்டை மேல உக்காந்துட்டேன். எனக்கு அவரு வேணும் தம்பி. மக்ரூனுக்காக மட்டும் இல்ல. சாயங்காலம் டீ வந்தா இன்னும் ரெண்டு கிளாஸ்லதான் ஊத்துதேன். ஒண்ணு ஆறிப்போயி கெடக்கும்.

அதான் இன்னைக்கு வந்தேன். கடைய விசாரிச்சுப் போனா, மாஸ்டர் விறகு ஓவன் முன்னால நிக்காரு. என்னயப் பாத்ததும் வாங்க அண்ணாச்சின்னாரு. ஸ்டூலத் தொடச்சுப் போட்டாரு. டீ சொன்னாரு. நான் வர்ற வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தத அப்படியே சொன்னேன். மாஸ்டர், போனது போகட்டும், நான் ஒண்ணையும் மனசுல வச்சிக்கிடல, எல்லாத்தயும் மன்னிச்சிட்டேன், திங்கக்கிழமை வந்துருங்கன்னு. அந்தக் கடை மொதலாளி பக்கத்துல நிக்கான். டீ குடிக்க வந்த ரெண்டு மூணு பேரும் நிக்காவ.

மாஸ்டர் தணலக் கிண்டி விட்டுக்கிட்டே கேட்டாரு, ஓவன் சரியாயிட்டா அண்ணாச்சின்னு. சரியாயிட்டு, ஃபேன் திரும்பிச் சுத்தியிருக்கு, கம்பெனியில இருந்து வந்து ஒயர மாத்திக் குடுத்துட்டாவன்னேன். அவரு கம்பியக் கீழ வச்சாரு. என் முகத்தப் பாத்தாரு.

"முன்னால அத மாத்தச் சொன்னது யாரு?"

அவருக்குத் தெரியாமக் கேக்கல. அவரு பக்கத்துல நின்னவருதான. எனக்குத் தெரியும் அவருக்குத் தெரியும்னு. அவருக்கும் தெரியும் எனக்குத் தெரியும்னு. ஒரே ஒரு வார்த்த. வாய் வரைக்கும் வந்துட்டு. ஆனா நாலு பேரு நிக்காவ. ஒரு மொதலாளி நாலு பேரு முன்னால எப்படிச் சொல்லுவான்?

"இசக்கிமுத்துதான்"னேன். "அவன்தான் ஏதோ மாத்திக் குடுத்துட்டான்."

மாஸ்டர் கோவப்படல. கோவப்பட்டிருந்தா நான் கையப் புடிச்சிருப்பேன். என் கையில இருந்து டீ கிளாஸ வாங்கிக் கழுவிக் கவுத்துனாரு. இன்னைக்கு ரஸ்க் போடணும், வேல கெடக்குன்னாரு. இருந்தும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வந்தாரு. நான் நெழல்ல நடக்கட்டும்னு அவரு வெயில்ல நடந்தாரு. வீட்டுல எப்படி இருக்காவன்னு கேட்டாரு. நல்லா இருக்கான்னேன். இந்த பஸ்ஸக் கையக் காட்டி நிறுத்துனதும் அவருதான். நீங்க பாத்திருப்பிய, வெள்ளச் சட்ட, ரெண்டு கையும் தழும்பா இருக்குமே, அவருதான்.

நான் படியில காலத் தூக்கி வச்சேன்.

"ஏறுங்க சார்"ன்னாரு.

சார். எங்க ஊர்ல பேங்க் மேனேஜரையே அண்ணாச்சின்னு கூப்பிடுற மனுசன். இருபத்திரெண்டு வருசத்துல என்னய ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. கம்பெனிப் பொண்ணு கூப்பிட்டுச்சு, அதுக்கு என்னயத் தெரியாது. நீங்க படிச்ச பிள்ள மாதிரி இருக்கிய, அதான் கேக்கேன். சார்னு சொன்னா மரியாததான தம்பி?